மேடை மட்டும் மிஞ்சிய வீடுகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேல்ஸ் நாட்டு மலைகளில் ஆளில்லாமல் போன இடைக்கால ஊர்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு மிகப் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் கார்டிஃபில் படிக்கிறாள். தோழிகளோடு கெல்லிகேர் என்ற மலைமேட்டுக்கு நடக்கப் போனவள், அங்கே பழைய வீடுகள் இருப்பதாக நிலப்படத்தில் குறித்திருந்த இடத்தைத் தேடிப் போயிருக்கிறாள். புல்லும் ஆடும் மட்டும்தான் இருந்ததாம். படம் அனுப்பினாள், எனக்கும் ஒன்றும் புரியவில்லை. இணைத்திருக்கிறேன். அங்கே என்னதான் இருந்தது? (வாசகி, சுவா சூ காங்)

அம்மா, உங்கள் மகள் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது பக்கம் சரிவாக இறங்கிக்கொண்டே வரும் புல், ஓரிடத்தில் சட்டென்று சமமாகி, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் இறங்குகிறதல்லவா? அந்தச் சமமான துண்டுதான் வீடு. அதாவது வீடு நின்ற தரை. சுவரும் கூரையும் போய் ஐந்நூறு அறுநூறு வருடம் ஆகியிருக்கும், தரை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த வகை வீட்டை ஆய்வாளர்கள் மேடை வீடு என்கிறார்கள். சரிவில் வீடு கட்டுவதென்றால் நமக்கு முதலில் தோன்றுவது மலைக்குக் குறுக்காக, நீளப்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்க்கிற மாதிரி கட்டுவதுதான். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. தலைமாடு மேட்டில், கால்மாடு பள்ளத்தில் என்று சரிவின் போக்கிலேயே நீளவாக்கில் கட்டினார்கள். மேல்முனையில் மலையை வெட்டி மண்ணை எடுத்து, அதே மண்ணைக் கீழ்முனையில் கொட்டிக் கெட்டிப்படுத்தினால் நடுவில் ஒரு மேடை கிடைக்கும். மேல்முனையில் வெட்டுப்பட்ட கரை அரைவட்டமாக வளைந்து நிற்கும். அதற்கும் வெளியே தாழ்வான ஒரு வரப்பு, அதை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால். மழை பெய்தால் மலையிலிருந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் மோதி இரண்டாகப் பிரிந்து வீட்டின் இரண்டு பக்கமும் ஓடிவிடும். வீட்டின் குறுகலான முனை மட்டுமே தண்ணீரைப் பார்த்து நிற்பதால் தரை நனையாது. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான வடிகால் எனக்குத் தெரியாது. மகள் அடுத்த முறை போனால் அந்த வளைந்த வரப்பைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் மண்வெட்டியோடு நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்து, குனிந்து போட்ட வரப்பு அது.

கெல்லிகேரிலேயே தினாஸ் நொத்வா என்ற இடத்தில் இப்படிச் சில மேடைகளை 1930களில் எய்லீன் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர் தோண்டிப் பார்த்தார். மரத்தூண்கள் நின்ற குழிகளும் அடுப்பு எரிந்த தடங்களும் கிடைத்தன. அரண்மனையையும் கோட்டையையும் மட்டும் தோண்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு சாதாரணக் குடியானவரின் வீட்டைத் தோண்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி வீடுகள் பெரும்பாலும் 12 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் ஆள் இருந்தவை.

இன்னொன்று. நமக்கு ஊர் என்றால் தெருவும் கோயிலும் குளமும் மனதில் வரும். அங்கே அப்படி இல்லை. மலைச்சரிவில் இரண்டு வீடு, கொஞ்சம் தள்ளி இன்னும் மூன்று, நடுவில் வேலி கட்டிய சின்ன வயல், அதற்கு மேலே எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல். அவ்வளவுதான் ஒரு குடியிருப்பு. கெல்லிகேர் மாதிரி இடங்கள் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு நானூறு மீட்டர் உயரம். நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை, அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், ஓட்ஸ் விதைத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்.

இந்த ஊர்களை அழித்தது கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய்தானே? வரலாற்று வகுப்பில் அப்படித்தான் படித்தோம். (வாசகர், அங் மோ கியோ)

இந்தக் கேள்வி வேறு வேறு மாதிரியாக நிறையப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. கொள்ளைநோய் ஒரு காரணம். ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1300ஐ ஒட்டி வேல்ஸில் மொத்தமே சுமார் 3 லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அதற்கு முந்தைய இருநூறு வருடங்களில் வானிலை சற்றுக் கதகதப்பாக இருந்தது, ஜனம் பெருகியது, நல்ல நிலமெல்லாம் ஆள் பிடித்துவிட்டதால் புதிதாகக் குடும்பம் ஆரம்பித்தவர்கள் மேலே மேலே ஏறினார்கள். மலையில் வீடு கட்டியதே இந்த நெருக்கடியால்தான். அப்புறம் 1315இலிருந்து இரண்டு மூன்று வருடம் ஓயாத மழை, வட ஐரோப்பா முழுக்கப் பயிர் அழுகிப் பஞ்சம். பஞ்சம் தணிந்தது என்று மூச்சு விடுவதற்குள் 1319, 1320இல் மாடுகளுக்கு ஒரு பெரிய நோய் வந்து கொத்துக்கொத்தாகச் செத்தன. வேல்ஸ் மலைக்குடிகளுக்கு மாடுதான் சொத்து, மாடுதான் பால், வெண்ணெய், உழவு, வாடகை எல்லாம். ஆகக் கொள்ளைநோய் 1349இல் வந்து சேரும்போது மேட்டு நிலத்தில் இருந்தவர்கள் ஏற்கனவே தளர்ந்திருந்தார்கள். ருத்தின் என்ற ஊரை ஒட்டிய நீதிமன்றப் பதிவேடுகளில் அந்த ஆண்டுக் கோடையில் அடுத்தடுத்து இறந்தவர்களின் பெயர்கள் வருகின்றன. நோய் 1361இலும் 1369இலும் திரும்ப வந்தது.

சரி, அப்போது எல்லோரும் செத்து ஊர் காலியானதா? சில இடங்களில் அப்படியும் இருந்திருக்கும். ஆனால் பல இடங்களில் நடந்தது வேறு. பள்ளத்தாக்கில் நல்ல நிலம் வைத்திருந்தவர் வாரிசில்லாமல் இறந்தால் அந்த நிலம் காலி. மேலே கல்லும் குளிருமாக இருந்த நிலத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்தவர் கீழே இறங்கி அதை எடுத்துக்கொள்வார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். அவர் இறங்கிப் போன பின் மேலே இருந்த வீடு பழுதாகிச் சரிந்தது. அவரும் பிள்ளைகளும் நன்றாகவே பிழைத்தார்கள், வேறு இடத்தில்.

அதோடு அரசியல். 1282 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் லெவலின் ஆப் க்ரிஃபித் கொல்லப்பட்டு, அடுத்த வருடத்துக்குள் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸைக் கைப்பற்றிவிட்டார். 1295இல் ஆங்கில்சி தீவில் போமாரிஸ் கோட்டை கட்ட ஆரம்பித்தபோது பக்கத்தில் லான்வைஸ் என்று செழிப்பான ஒரு வணிக ஊர் இருந்தது. கோட்டைக்கும் அதன் புதிய நகரத்துக்கும் அது இடைஞ்சல் என்று அங்கிருந்த மக்களைத் தீவின் மறுகோடிக்கு, நியூபரோ என்று இப்போது சொல்லும் இடத்துக்கு, மாற்றிவிட்டார்கள். அது மலை ஊர் இல்லை, கடலோர ஊர்தான். ஆனாலும் ஆளில்லா ஊர் என்றாலே நோயையும் பஞ்சத்தையும் மட்டும் தேடுகிறவர்கள் லான்வைஸை மறந்துவிடக் கூடாது. மேலிடத்து உத்தரவில் காலியான ஊர் அது. பிறகு 1400இல் ஓவைன் கிளின்டூர் என்ற வேல்ஸ் பிரபு ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பினார். பத்து வருடத்துக்கு மேல் போர், இரண்டு தரப்பும் எரித்தன. கொள்ளைநோயிலிருந்து எழுந்து நின்ற பல இடங்கள் இதில் படுத்தன.

கடைசியாக ஒரு காரணம். அதிகம் பேசப்படாதது, ஆனால் நம் ஆட்களுக்கு உடனே புரியக்கூடியது: பாகப்பிரிவினை. பழைய வேல்ஸ் சட்டப்படி அப்பன் நிலம் எல்லா மகன்களுக்கும் சமபங்கு. மூன்று தலைமுறையில் ஒரு பண்ணை துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு முளைத்து, அப்படித்தான் பல குடியிருப்புகள் உருவாயின. நோய்க்கும் போருக்கும் பிறகு கையில் பணமிருந்தவர்கள் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார்கள். 1536இலும் 1540களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தோடு இணைத்த சட்டங்களில் சமபங்கு முறையே ஒழிந்துபோனது. ஆறு வீடு இருந்த இடத்தில் ஒரே பெரிய பண்ணை வீடு, மற்ற ஐந்தும் மேடை. எந்தப் பேரழிவும் இல்லை. பத்திரம் எழுதி, காசு கைமாறி, ஓசையில்லாமல் காலியான ஊர்கள் இவை.

இவற்றில் எது எந்த மேடைக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேல்ஸ் முழுக்கச் சிதறிக் கிடக்கிற மேடைகளுக்கு ஒரே நோயைக் காரணமாகச் சொல்லிவிட்டால் அங்கே வாழ்ந்தவர்கள் செய்த முடிவுகளுக்கெல்லாம் இடமே இல்லாமல் போய்விடுகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

சில வீடுகளில் கோடையில் மட்டும்தான் ஆள் இருப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வீடு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதியா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

வசதியால் அல்ல, புல்லால். குளிர்காலத்துக்குப் பள்ளத்தாக்கில் ஒரு வீடு, அதை ஹென்ட்ரே என்பார்கள். மே மாதம் பிறந்ததும் மாடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனால் அங்கே கோடைக்கு ஒரு வீடு, ஹவோத். நவம்பர் தொடக்கம்வரை அங்கேதான். கீழே உள்ள வயலை மாடு மிதிக்காமல் காப்பாற்றி, குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்க வேண்டும், அதற்காகவே கால்நடை மேலே போனது. மேலே இருந்தவர்கள் பால் கறந்து வெண்ணெயும் சீஸும் செய்தார்கள். பாலை அன்றாடம் கீழே கொண்டுவர முடியாது, வெண்ணெயை உப்பிட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

இந்தக் கோடை வீடுகளுக்கு நல்ல உதாரணம் வடக்கு வேல்ஸில் பிரெனிக் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே நீர்த்தேக்கம் கட்டும் வேலை 1970களில் நடந்தபோது, தண்ணீர் வருமுன் பார்த்துவிட வேண்டும் என்று தொல்லியலாளர்கள் அவசர அவசரமாக அகழ்ந்தார்கள். ஹவோத் அ நன்ட் க்ரியவோலன் என்ற இடத்தில் ஓடையோரமாக நீண்ட குடிசைகளும் அவற்றையொட்டிய தொழுவங்களும் கொத்தாக வெளிப்பட்டன. காலம் 16ஆம் நூற்றாண்டு. இடைக்காலம் முடிந்த பிறகும் இந்த வழக்கம் நின்றுவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. பின்னாளில் இந்தக் கோடை வீடுகள் பல, யாராவது ஒரு மகன் நிரந்தரமாகத் தங்கிவிட, முழுப் பண்ணையாகவே மாறின. ஆக ஒரே மலையில் ஒரு பக்கம் வீடுகள் காலியாகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் புதிதாக ஆள் குடியேறிக்கொண்டிருந்தார்கள்.

சுவர் இல்லை, பானை ஓடு இல்லை, எழுத்து இல்லை. அப்புறம் எப்படி 13ஆம் நூற்றாண்டு என்று அடித்துச் சொல்கிறார்கள்? கீழடியிலாவது பொருள் கிடைக்கிறது. (வாசகர், பிடோக்)

கேட்க வேண்டிய கேள்வி. கீழடியோடு ஒப்பிட்டால் இந்த இடங்கள் ஏழைதான். மலைமண் அமிலத்தன்மை உடையது, எலும்பைக் கரைத்துவிடும். இடைக்கால வேல்ஸ் மலைக்குடிகள் மண்பானை அதிகம் புழங்கவில்லை, மரக்கிண்ணமும் தோலும்தான், அவையும் மக்கிவிட்டன. முழு வீட்டையும் தோண்டி முடித்தால் கையளவு பொருள் கிடைத்தால் அதிகம்.

அதனால் வேறு வழிகளில் போகிறார்கள். நடுத்தரையில் இருந்த அடுப்பில் கரித்துண்டு கிடைத்தால் கார்பன் தேதி பார்க்கலாம். பக்கத்துச் சதுப்பு நிலத்தில் கரிமண் அடுக்கு அடுக்காகப் படிந்திருக்கும், ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்து மகரந்தத் தூள் சிக்கியிருக்கும். தானியத்தின் மகரந்தம் எந்த அடுக்கில் தோன்றி எந்த அடுக்கில் மறைகிறது என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால் அந்த மலையில் எப்போது உழுதார்கள், எப்போது விட்டார்கள் என்பது தெரிந்துவிடும். பேர் தெரியாத ஒரு குடும்பம் விதைத்த ஓட்ஸின் தூள் சேற்றில் எழுநூறு வருடம் காத்திருக்கிறது, நினைத்துப் பாருங்கள்!

மேலிருந்து பார்ப்பதும் உண்டு. குளிர்கால மாலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது விமானத்திலிருந்து படமெடுத்தால் ஒரு சாண் உயர வரப்புகூட நீள நிழல் போடும். வேல்ஸின் தொல்சின்னங்களைப் பதிவு செய்யவென்றே 1908இல் அமைத்த அரச ஆணையம் பல வருடமாக இப்படிப் பறந்து பறந்து படமெடுத்திருக்கிறது. இப்போது லைடார் வந்துவிட்டது. விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பித் தரையின் மேடு பள்ளத்தை அளக்கிற முறை. செடிகொடிகளுக்கு இடையே புகுந்து தரையைத் தொடும் ஒளிக்கதிர்களை மட்டும் பிரித்தெடுத்தால் காட்டுக்கு அடியில் இருக்கும் மேடைகூடக் கணினித் திரையில் வந்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. மலையில் கல்சுவரும் புகைபோக்கியுமாக இடிந்து நிற்கும் வீட்டைப் பார்த்ததும் இடைக்காலம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டு. பொதுநிலத்தில் ஒரே இரவில் வீடு எழுப்பி, விடியும்போது புகைபோக்கியில் புகை வந்துவிட்டால் அந்த இடம் கட்டியவருக்கே சொந்தம் என்று மக்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது, ஆனாலும் புறம்போக்கில் குடிசை போட்ட ஏழைகள் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடை வீடுகள் அவற்றையெல்லாம்விடப் பழையவை. புகைபோக்கியே கிடையாது. நடுவில் அடுப்பு எரியும், புகை கூரை வழியாகக் கசிந்து வெளியேறும்.

அணைக்கட்டில் மூழ்கிப்போன வேல்ஸ் ஊர் ஒன்றைப் பற்றிப் படித்தேன். அதுவும் இந்தக் கதைதானா? (வாசகர், தெம்பனிஸ்)

இல்லை, அது வேறு, அதை இதோடு கலக்கக் கூடாது. நீங்கள் சொல்வது கேப்பல் கெலின். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1957இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, இருந்தும் நிறைவேறியது. 1965இல் தேவாலயம், பள்ளிக்கூடம், அஞ்சலகம், வீடுகள், பண்ணைகள் எல்லாம் நீருக்கடியில். நாற்பது வருடம் கழித்து, 2005இல், லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. எப்பிண்ட் மலையும் இப்படித்தான்: 1940இல் ராணுவப் பயிற்சிக்காக 54 வீடுகளிலிருந்து 219 பேரைக் காலி செய்யச் சொன்னார்கள். போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பவே இல்லை. இன்றும் அது பயிற்சி நிலம்தான்.

இவற்றுக்குப் புகைப்படம் உண்டு, பெயர்ப்பட்டியல் உண்டு, அழுத குரலைப் பதிவு செய்தவர்கள் உண்டு. மேடை வீட்டுக்காரர்களுக்கு அந்த வரப்பைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அதனால்தான் வரப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்துகொண்டு இதையெல்லாம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? இங்கே அப்படிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? (வாசகர், ஈசூன்)

இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. 2019இல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 1930களிலிருந்து 1980கள்வரை ஹைனானிய மக்கள் வாழ்ந்த கம்பம், அதாவது கிராமம், அது. படிக்கட்டு இருக்கும், ஏறினால் வீடு இருக்காது. இடிந்த சுவரை ஆலமர வகை வேர்கள் பிடித்திருக்கும். ரம்புத்தான் தோட்டத்துக்குப் பேர்போன கம்பம். மரங்களைக் கவனித்தால் எது காடு, எது யாரோ நட்டது என்று பிரித்துப் பார்க்கலாம். கம்பத்து வீட்டில் பிறந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறியவர்கள் நம் வாசகர்களில் நிறைய. அவர்களுக்கு ஊர் எப்படிக் காலியாகும் என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா அப்பா அப்படி மாறியவர்களாக இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் கிணறு இருக்கும், எந்தப் பக்கம் சமையல்கட்டு இருக்கும் என்று அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். ஆய்வாளர்களுக்கே வராத கண் அது.

இடைக்காலம்தான் வேண்டுமென்றால் ஃபோர்ட் கேனிங் மலை. 1984இல் பேராசிரியர் ஜான் மிக்சிக் அங்கே அகழாய்வு தொடங்கியபோது 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. சீனப் பயணி வாங் டாயுவான் தெமாசெக்கைப் (சிங்கப்பூரின் பழைய பெயர்) பற்றிய தன் குறிப்பை எழுதியது ஏறத்தாழ 1349இல். வேல்ஸ் மலைகளில் கொள்ளைநோய் ஏறிய அதே சமயம் இங்கே துறைமுகத்தில் வியாபாரம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பிறகு அந்த மலையிலும் ஆள் இல்லாமல் போனது. 1822இல் ஜான் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைச் சுற்றிப் பார்த்து, காட்டுக்குள் செங்கல் அடித்தளங்களும் வெட்டிச் சமப்படுத்திய மேடைகளும் யாரோ எப்போதோ நட்ட பழமரங்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார். வேல்ஸில் தரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் இங்கேயும் தரையைப் பார்ப்பார், அதற்காகத்தான்.

இரவில் போனால் பேய் இருக்குமா? (வாசகர், செங்காங், வயது பத்து)

தம்பி, எனக்குத் தெரிந்து இல்லை. ஆடு இருக்கும், இருட்டில் அதன் கண் மினுங்கும். வேல்ஸில் மனிதர்களைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆடுகள்.

ஜூலையில் குடும்பத்தோடு வேல்ஸ் போகிறோம். எங்கே போய்ப் பார்ப்பது, என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, பொங்கோல்)

முடிந்தால் தேதியை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஜூலையில் பிராக்கன் என்ற பெரணி இடுப்புவரை வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதன் கிழங்கு வேர்கள் மண்ணுக்கடியில் பரவிப் பழைய தரையையும் குலைக்கின்றன என்பது வேறு கவலை. பெரணி காய்ந்து விழுந்த பிறகு, டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால்தான் மேடைகள் கண்ணுக்குப் படும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஜூலையை மாற்ற முடியாது என்றால் முதலில் கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அனுமதி இலவசம். வேல்ஸ் முழுவதிலிருந்தும் பழைய கட்டடங்களைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். டென்பிஷயரிலிருந்து வந்த, 1508இல் கட்டிய ஒரு குடியானவர் வீடு உண்டு. வளைந்த மரங்களை இணைத்த சட்டம், வைக்கோல் கூரை, கண்ணாடி இல்லாமல் மரக்கம்பி மட்டும் வைத்த சன்னல், தரை நடுவில் அடுப்பு. ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் கால்நடை. உள்ளே போனதும் கொஞ்ச நேரம் நில்லுங்கள், கண்ணுக்கு இருட்டு பழக வேண்டும். மேடை வீடுகள் இதைவிடப் பழையவை, எளியவை. இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால் வெறும் புல்தரையில் வீட்டை எழுப்பிப் பார்க்க மனதுக்கு ஏதோ ஒரு பிடி கிடைக்கும். வடக்கே போகிறீர்கள் என்றால் பிரெனிக் ஏரிக்கரையில் நடைபாதை ஒன்று இருக்கிறது, வெண்கலக் காலக் கல்லறை மேடுகளையும் மேலே சொன்ன கோடை வீடுகளையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

மற்றபடி, அரச ஆணையத்தின் காஃப்ளைன் (Coflein) இணையத் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் பக்கத்தில் உள்ள பதிவுகளெல்லாம் வரும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மலைப் பொதுநிலங்களில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. வேலி போட்ட வயல் அப்படியல்ல, பாதையை விட்டு விலகாதீர்கள். எப்பிண்ட்டில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கமே போக வேண்டாம். நீளக் கால்சட்டை போடுங்கள், பெரணிக்குள் நடந்து வந்தால் பிள்ளைகளின் காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இரவு பார்த்துவிடுங்கள், கடித்தால் லைம் நோய் வரலாம்.

ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். அழகாக அடுக்கிப் படமெடுக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை வரும், சுவரின் கடைசி வரிசை அந்தக் கல்லாக இருக்கலாம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் உலோகம் தேடும் கருவியை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம். படம் எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். எந்த இடம், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று குறித்து அனுப்பினால் அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறேன்.